லெப்ட்டில் வரலாம்

நங்கையா, இன்றைக்குக் காலையில் உழவர் சந்தையிலிருந்து திரும்பும்போது கார் என்னைத் திட்டியது. ஒரு பரங்கிக்காயும் நாலைந்து தேங்காயும் இருந்த பையை முன்னால், உங்கள் சீட்டில் வைத்திருந்தேன். வண்டியை எடுத்ததும் டிங் டிங் என்று விடாமல் கத்த ஆரம்பித்துவிட்டது. கதவு சரியாகச் சாத்தவில்லையோ என்று இறங்கிச் சுற்றிவந்து பார்த்தேன். எல்லாக் கதவும் சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் விளங்கியது. பையின் கனத்தை வைத்து, அந்தச் சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று கார் நினைத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் என்றைக்கு ஒழுங்காகப் பெல்ட் போட்டீர்கள்? பெல்ட்டை முதலில் மாட்டிவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வீர்கள். "கட்டிப்போடறதுக்கு நான் என்ன கன்னுக்குட்டியா?" என்பீர்கள். சிரித்து முடித்தபோது சந்தைக்கு வெளியே, காருக்குள், நான் ஒருத்திதான் இருந்தேன். பையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டால் சத்தம் நின்றுவிடும். போட மனம் வரவில்லை. வீடு போய்ச் சேரும்வரை கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்தபோது எனக்குப் பாவாடை சட்டை வயது. அன்றிலிருந்து நங்கையாதான். "அது அவங்க பேரா அத்தை?" என்று புனேயில் மருமகள் ஒருமுறை கேட்டாள். அண்ணன் சம்சாரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன். உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இறப்புச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் கேட்டார்கள், சொல்ல வேண்டியிருந்தது. வேறு யாரோ ஒரு பொம்பளையைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

அண்ணனிடம் இருந்தது ஒரே லாரி. அவர் வாய்க்குப் பயந்து எந்தக் கிளீனரும் நிலைத்ததில்லை. கிளீனர் இல்லாத நாட்களில் சந்துக்குள்ளிருந்து லாரியைப் பின்னால் எடுக்க நீங்கள்தான் ரோட்டில் போய் நிற்பீர்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, லாரியின் முதுகைக் கையால் தட்டி, "வரலாம்... வரலாம்... வரலாம்... ஓல்டான்!" என்று கூவுவீர்கள். சொல்லை இழுத்தால் இடம் நிறைய இருக்கிறது, வெட்டினால் பிரேக்கில் கால் வை என்று அர்த்தம். வீட்டுக்குள் அண்ணன் உங்கள் பேச்சைக் கேட்டாரோ இல்லையோ, ஸ்டியரிங் பிடித்துவிட்டால் அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டார்.

பிறகு அண்ணன் போனார். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். உங்களுக்குப் பிள்ளை இல்லை, என் பிள்ளை புனேயில். நடுவில் ஒரே ஒரு சுவர் உள்ள இரண்டு வீடுகளில் நாம் இரண்டு பேர் மிச்சம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ரிட்டயரான பிறகு, மகன் வாங்கிக் கொடுத்தான் என்று இந்தக் காரை ஓட்டக் கற்றுக்கொண்டேனே, அப்போது அந்தக் குரல் என் இடப்பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தது. எனக்கு லெப்ட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது கடைசிவரை பிடிபடவே இல்லை. பிடிபட வேண்டிய தேவையும் இல்லை. "லெப்ட்டுல வரலாம் அம்மிணி" என்றால் போவேன், "ஓல்டான்" என்றால் நிற்பேன். கண்ணாடியைப் பார்த்ததைவிட உங்கள் குரலைக் கேட்டு ஓட்டியதுதான் அதிகம்.

கொல்லிமலைக்குப் போன நாளை நினைக்கிறேன். மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். சேந்தமங்கலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு இடுப்புயரம் நின்றது. எதிரே மலை, தலையில் மேகத்தை வைத்துக்கொண்டு. நீங்கள் ஜன்னலை இறக்கிவிட்டு, "ஏசிய அமத்து அம்மிணி, இந்தக் காத்துக்குக் காசு கேக்கறாங்களா?" என்றீர்கள். புளிச்சோறும் வடகமும் தூக்குப்போசியில் கட்டி மடியில் வைத்திருந்தீர்கள். பின்சீட்டில் வைக்கச் சொன்னால் கேட்கவில்லை.

அந்தப் பயணமே ஒரு விஷயத்தைச் சொல்வதற்காகத்தான். வீட்டை விற்றுவிட்டுப் புனேக்கே வந்துவிடுங்கள் என்று மகன் பல நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு பாதி மனசு இருந்தது. அதை வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் நின்று உங்களிடம் சொல்லத் தைரியம் இல்லை. மலைமேல் போய், எங்கேயாவது நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, புளிச்சோறு தின்றுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கினோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒவ்வொரு போர்டையும் உரக்கப் படித்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் "வரலாம்... வரலாம்" போட்டு, நடுவில் குரங்குகளோடும் பேசிக்கொண்டு வந்தீர்கள். கீழே பாக்குத் தோப்பும் வெள்ளைக் கூரை போட்ட கோழிப் பண்ணைகளும் சின்னதாகிக்கொண்டே போயின. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொல்லவே வேண்டாம், இப்படியே இருந்துவிடலாம் என்றுகூட ஒரு வளைவில் தோன்றியது.

பாதி மலையில் போன் அடித்தது. மகன் என் போனை ப்ளூடூத்தில் காரோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தான். எடுக்காமல் விடத்தான் பார்த்தேன், திருப்பத்தில் ஸ்டியரிங் பட்டனில் கை பட்டுவிட்டது. வண்டி முழுக்க அவன் குரல்.

"அம்மா, அத்தைகிட்டச் சொல்லிட்டீங்களா? வீடு பாக்க ஞாயித்துக்கெழம ஆள் வரட்டுமான்னு கேக்கறாங்க. நீங்க இங்க வந்ததும் அவங்க தனியா இருக்கறது நெனச்சா எனக்கும் வெசனமாத்தான் இருக்குது. ஆனா எத்தன நாளைக்குமா?"

எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் எதையோ அமுக்கினேன். பாட்டு வந்தது. அதையும் அமுக்கினேன். நான் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நங்கையா..." என்று ஆரம்பித்தேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றீர்கள். அம்மிணி இல்லாமல்.

அடுத்த போர்டை நீங்கள் படிக்கவில்லை. அடுத்த வளைவில் "வரலாம்" இல்லை. அதற்கடுத்த வளைவிலும் இல்லை. மடியில் இருந்த தூக்குப்போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தீர்கள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உங்கள் வாய்க்குப் பதில் சொல்ல எனக்குப் பழக்கம் உண்டு.

ஒரு திருப்பத்தில் மேலேயிருந்து பஸ் இறங்கி வந்தது. நான் இடப்பக்கம் ஒடித்தேன். ஒரு நொடி உங்கள் குரலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. முன்சக்கரம் மலையோரத்து மழைத்தண்ணி வாய்க்காலுக்குள் தடால் என்று இறங்கியது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. புளிச்சோறு உங்கள் சேலையெல்லாம்.

முன்னால் பஸ், பின்னால் வரிசையாக வண்டிகள், எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன். "பின்னால எடுங்கம்மா" என்று பஸ் டிரைவர் கத்தினார். ரிவர்ஸ் போட்டுத் திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கின் விளிம்புதான் கண்ணுக்குத் தெரிந்தது.

"நங்கையா, கொஞ்சம் எறங்கிப் பாருங்க."

நீங்கள் மடியிலிருந்த சோற்றை ஒவ்வொரு பருக்கையாக எடுத்துப் போசியில் போட்டுக்கொண்டே சொன்னீர்கள். "நீதான் தனியாப் போறவளாச்சே. தனியா எடுத்துக்க."

அழுதேன். ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை, அத்தனை பேர் பார்க்க. அதற்குள் பஸ் கண்டக்டர் இறங்கி வந்து காருக்குப் பின்னால் நின்று, "வாங்க வாங்க வாங்க, அப்படியே ஒடிங்க, இல்லல்ல இந்தப்பக்கம்" என்று கையை நாலு பக்கமும் வீசினார். நான் எடுத்தேன், நிறுத்தினேன், மறுபடி எடுத்தேன். சக்கரம் சுழன்று சேறுதான் அடித்தது.

உங்களுக்கு என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், தப்பாகச் சைகை காட்டுகிற ஒருத்தரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியாது. கதவை அடித்துத் திறந்துகொண்டு இறங்கினீர்கள்.

"சித்த அக்கட்டால நவுருங்க தம்பி. அவளுக்கு உங்க கொரல் பழக்கமில்லீங்க."

அதைச் சொல்லிவிட்டு, ஓரத்தில் கிடந்த பட்டைக் கல்லை நீங்களே உருட்டி வந்து சக்கரத்துக்குப் பின்னால் அண்டக் கொடுத்தீர்கள். புளிச்சோறு ஒட்டிய முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். கண்ணாடியில் உங்கள் சேலையின் ஓரம் மட்டும் எனக்குத் தெரிந்தது. காரின் முதுகில் பட்டென்று ஓர் அடி. பிறகு வந்தது.

"வரலாம்... வரலாம்... பயப்படாத அம்மிணி, எடம் கெடக்குது... வரலாம்... ஓல்டான்!"

சக்கரம் கல்லில் ஏறி ரோட்டுக்கு வந்துவிட்டது. ஹாரன் அடித்தவர்களில் சிலர் கைதட்டினார்கள். நீங்கள் யாரையும் பார்க்காமல் வந்து, பெல்ட்டை மாட்டி, அதன்மேல் உட்கார்ந்தீர்கள்.

மேலே ஒரு பாறை முனையில் நின்றோம். கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. நூல் மாதிரி ஒரு ரோடு, அதில் எறும்பு மாதிரி லாரிகள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வடக்கே லோடு போன இடத்தில் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்ததும், முகம் தெரியாத எவரோ போன் பண்ணிச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது. உங்களுக்கும் அதுதான் ஓடியிருக்கிறது.

"உங்கொண்ணன் போன சேதி எனக்குப் போன்லதான் வந்துது. நீ போற சேதியும் போன்லயே வரோணுமா?"

"இன்னும் முடிவு பண்ணலீங்க நங்கையா. சொல்லத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"போறது உன்ற இஷ்டம். பையன் கூப்படறான், போகாம என்ன பண்ணுவ? நான் தடுக்கல. ஆனா போறதுன்னா மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லிட்டுப் போ. நான் அழுதாலும் அழுதுட்டுப் போறேன். உன்ற முன்னால அழுவேன்ல?"

அதன்பிறகு நான் போகவில்லை. உங்களுக்காக இருந்தேன் என்று சொன்னால் திட்டுவீர்கள். எனக்காகத்தான் இருந்தேன். மகனிடம் ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்குச் சொன்னேன். ஏற்காடு போனோம், மேட்டூர் போனோம், சங்ககிரியில் உங்கள் அக்கா மகள் வீட்டு விசேஷத்துக்குப் போய்ப் பாதியில் கோபித்துக்கொண்டு வந்தோம். எல்லாத் தடத்திலும் இடப்பக்கம் நீங்கள் இருந்தீர்கள்.

பேத்தி பிறந்ததற்குப் பார்க்கப் போனேனே, அதுதான் கடைசி. ஸ்டேஷனுக்கு டாக்ஸி வந்தது. சந்துக்குள்ளிருந்து பின்னால் எடுக்க நீங்கள் ரோட்டுக்குப் போய் நின்றீர்கள். "கேமரா இருக்குதுங்க பாட்டி" என்றார் டிரைவர். "கேமராவுக்குக் கொரல் இருக்குதா?" என்றீர்கள். அப்புறம் "வரலாம்... வரலாம்... வரலாம்" என்றீர்கள். நான் போய்க்கொண்டிருந்தேன், நீங்கள் வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்ட கடைசிச் சொல் அது.

மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னவர் நீங்கள். உங்கள் சேதி எனக்குப் போனில் வந்தது நங்கையா. தூக்கத்திலேயே என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். கஷ்டப்படவில்லை என்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது, இப்போதும் வருகிறது. உங்கள் சட்டத்தை நீங்களே காப்பாற்றவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது சத்தம் இல்லை. காலையில் வாளி வைக்கிற சத்தம், யாரையாவது திட்டுகிற சத்தம், ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. திறந்தால் உள்ளே போய் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பூட்டிவிடுகிறேன். மாலையில் டீ போட்டால் ஒரு டம்ளர் மிஞ்சுகிறது, அளவு இன்னும் கைக்கு வரவில்லை. "இனி அங்க யாரும்மா இருக்காங்க?" என்று மகன் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு என்னிடம் சாக்கு இல்லை. வீடு பார்க்க வரச்சொல் என்று நேற்றுச் சொல்லிவிட்டேன்.

அதனால்தான் இன்றைக்கு அந்த டிங் டிங்கை நிறுத்தவில்லை. நம் சந்து முனைவரை வந்ததும் வண்டியை ஓரம் கட்டினேன். இடப்பக்கம் திரும்பினேன். பரங்கிக்காய்தான் இருந்தது, இருந்தாலும் வேறு எங்கே பார்த்துச் சொல்வது? பெல்ட்டை இழுத்துப் பைக்கு மாட்டினேன். சத்தம் நின்றது.

"நான் புனேக்குப் போறேனுங்க நங்கையா" என்றேன். "மூஞ்சிக்கு நேராத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டு உங்கள் முறைப்படி அழுதும் முடித்தேன். வெளியே போகும்போது நேராக எடுக்கலாம் என்று நம் காரைச் சந்துக்குள் எப்போதும் பின்னாலேயேதான் விடுவோம், உங்களுக்குத் தெரியும். ரிவர்ஸ் போட்டேன். கேமராத் திரையில் பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் வந்தன. "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தேன். பின்னால் ஒரு சைக்கிள்காரர் மணியடித்தார். அவர் தாண்டிப் போகட்டும் என்று விட்டு, உங்கள் இழுவையிலேயே நானே சொல்லிக்கொண்டு தனியாக எடுத்தேன். வரலாம்... வரலாம்... வரலாம்.