வேடிக்கைக்குத் துள்ளிய கால்

12 ஆகஸ்ட் 1966, வெள்ளி. கடலூர்.

என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

கிள்ளை ஊர்ப் படகுக்காரர் காசிம் பாய்க்கு மூன்று மாத மாவுக்கட்டில் கால் சூம்பிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் ஈரத்துணி சுற்றிய தகட்டை அவர் தொடையில் வைத்து, லேசாக மின்சாரம் கொடுப்பது என் வேலை. சதை தானாகச் சுருங்கி விரியும். மெல்லத் தெம்பு வரும்.

இன்று மாலை டாக்டர் தன் சிதம்பரத்துச் சம்பந்தி வீட்டாரைக் கூட்டி வந்தார். "ராக்கெட்டுல போறவனுக்கு எடையே தெரியாது. காலுக்கு வேலை இல்லாம சதை கரைஞ்சிடும். அவனுக்கும் இதே கரண்டு வைக்கலாமான்னு யோசிக்கிறாங்க," என்று விளக்கிவிட்டு, "போட்டுக் காட்டுப்பா," என்றார்.

போட்டேன். கால் துள்ளியது. சம்பந்தியம்மாள் கைதட்டினார்.

"இன்னும் ஜாஸ்தி வை," என்றார் டாக்டர்.

வைத்தேன். கால் கட்டிலை விட்டு எழும்பி விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். "எங் காலு எம் பேச்சைக் கேக்கல, டாக்டரு பேச்சைத்தான் கேக்குது," என்றார்.

அவர்கள் காபி குடிக்கப் போனதும் தகட்டை எடுத்தேன். தொடை கன்றிச் சிவந்திருந்தது.

"வலிச்சுதா பாய்?"

"உசுரு போச்சு தம்பி. மூஞ்சியச் சுளிச்சா வைத்தியத்த நிறுத்திடுவாரோன்னு சிரிச்சேன்."

முடியாது என்று நான் சொல்லியிருந்தால் டாக்டர் திட்டியிருப்பார். அவ்வளவுதானே? அதற்குக்கூடத் துணிவில்லை. சீ.

நாளைக் காலையிலும் நான்தான் போக வேண்டும். "வாங்க தம்பி" என்று அவரே காலை நீட்டுவார்.