சித்தூர் வரிசையில் பார்த்தேன், மாமா

மாமா,

போன திங்கட்கிழமை காலை, தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது என் போனுக்கு உன் படம் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு, ஆட்டோ மேல் கை வைத்து நிற்பாயே, அந்தப் படம். நீ போனபோது ஸ்டாண்டுக்காரர்கள் அஞ்சலி பேனரில் போட்டது. அதோடு இன்னும் எட்டுப் பேர் படங்களைச் சேர்த்து, 'நம்ம மண்டலத்தில் டெங்குவுக்குப் பலியானவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன யாரும் திரும்பவில்லை. அரசு மறைக்கிறது. எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தார்கள். நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் மட்டும் நான்கு பேர் அனுப்பியிருந்தார்கள்.

நீ இருந்திருந்தால் ஐந்தாவது ஆள் நீதான். அனுப்பிவிட்டு அப்புறம் என்னிடம் வருவாய். "இன்னாமே, இது நெசமா? பாத்துச் சொல்லு."

அன்றைக்கு உன் மகள் பாப்பாவுக்கு ஜுரம் வந்து இரண்டாவது நாள். அத்தையும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். பாப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரவே மாட்டேன் என்று பப்பாளி இலையை அரைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. நான் படித்த ஏழு வகுப்பும் தெலுங்கில். கொரோனா சமயத்தில் தினமும் சாயங்காலம் ஜில்லாவாரியாகக் கணக்கு வெளியிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? உன் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து சித்தூர் வரிசையில் விரலை வைத்துப் படித்துச் சொல்வேன். வாட்ஸப்பில் வந்தது வேறாக இருந்தால், "எங்க வூட்டு கலெக்டரம்மா சொல்ட்டாங்க, பொய்யாம்" என்று ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி சொல்வாய். நான் வெட்கத்தில் ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அப்போது மூடிய பள்ளிக்கூடத்துக்கு நான் திரும்பப் போகவில்லை. நீ கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் உனக்கு ஜுரம் வந்தபோதும் கேட்டாய். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "புத்தூர் பக்கம் டெங்குன்றானுங்க. உன் லிஸ்ட்டுல இன்னா போட்டுக்கீறான், பாரு" என்றாய். பார்த்தேன். ஜில்லாவாரி டெங்கு அட்டவணையில் எண் சின்னதாகத்தான் இருந்தது. "நம்ம ஜில்லாவுல பெருசா ஒண்ணுமில்ல மாமா" என்றேன்.

"அப்ப சாதா ஜொரம்தான்" என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாய். நான்காவது நாள்தான் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்து திருப்பதி. அப்புறம், எல்லை தாண்டி அந்தப் பக்கம் போனால் நம் பாஷையில் பேசுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லி, உன்னைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் நீ இல்லை.

உன் காரியம் முடிந்த பிறகு அந்த அட்டவணையை மறுபடியும் திறந்தேன். சித்தூர் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து நம் ஊர் திருப்பதி ஜில்லாவில் இருக்கிறது. ஆதார் கார்டில் இன்னும் சித்தூர்தான். எந்த ஜில்லா என்று யாராவது கேட்டால் வாயிலும் சித்தூர்தான் வருகிறது. என் விரலும் கொரோனா காலத்துப் பழக்கத்தில் அங்கேயே போயிருக்கிறது. நம் வரிசை வேறு இடத்தில் இருந்தது. அதில் எண் சின்னதாக இல்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மாமா.

படம் வந்த அந்தத் திங்கட்கிழமையே பால் வாங்கப் போனேன். அந்த ஒன்பது படத்தில் இருந்த கரும்பு ஜூஸ் தாத்தா டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். யாரோ அவருக்கே போனைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் செத்துட்டனா? சரி, காரியம் என்னிக்கின்னு கேட்டுச் சொல்லு. வடை பாயாசம் போட்டா நானும் வந்து துன்னுட்டுப் போறேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வழியெல்லாம் ஒரே குழப்பம். அவர் படம் பொய் என்றால் உன் படமும் பொய்யா? வழியில் ஆஷா அக்கா வந்தார். சுகாதாரத் துறைக்காக வீடு வீடாகப் போய் ஜுரம் கேட்டு எழுதுகிறவர் அவர்தான். நின்று கேட்டேன்.

"அக்கா, எங்க மாமா டெங்குலதான் போனாரா?"

"புத்தூர்ல ஒடனே பாக்கற கார்டு டெஸ்ட்ல டெங்குன்னு வந்திச்சிம்மா. ரத்தம் பெரிய லேபுக்குப் போயி, அங்கயும் வந்தாதான் டெங்குன்னு எழுதுவாங்க. அதுக்குள்ள நீங்க அந்தப் பக்கம் கூட்டினு போய்ட்டீங்க."

"அங்க எழுதியிருப்பாங்களா?"

"அது வேற ஸ்டேட்டு. எனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதலன்னா டெங்கு இல்லன்னு அர்த்தமா?"

"எழுதலன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அதோடு எனக்கு இன்னும் புரியாமல் போயிற்று. படத்தை அனுப்பியவன் சொன்னது பொய். ஆனால் பொய்க்குள் நீ உண்மையாக இருக்கிறாய். அரசாங்கக் கணக்கு பொய் என்று சொல்லவும் முடியவில்லை. ஆனால் அதற்குள் நீ இருக்கிறாயா என்று யாருக்கும் தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு அத்தையிடம் என்ன பேசுவது?

இருந்தும் போனேன். பாப்பா கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தாள். அத்தை ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அத்த, அந்தப் படத்துல இருக்கற ஜூஸ் தாத்தா டீ குடிச்சிக்கினு கீறாரு."

"உங்க மாமாவும் அதுலதான் கீறாரு. அவரு எங்க டீ குடிச்சிக்கினு கீறாரு, சொல்லு. கூட்டினு போனேன், பொணமா குடுத்தாங்க. இவளையும் குடுக்கச் சொல்றியா?"

வாசலைப் பார்த்தபடிதான் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்குப் போனதால இல்ல அத்த. நாலாவது நாள் போனதால. ஒண்ணுமில்லன்னு நான்தான் மாமாகிட்ட சொன்னேன். சித்தூர் வரிசைய பாத்துச் சொல்லிட்டேன். நம்மளது திருப்பதி."

அத்தை துணியைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அவுரு யார் பேச்சக் கேட்டாரு" என்றாள். அது எனக்கான சமாதானமா, உன்மேல் கோபமா, எனக்குத் தெரியவில்லை. அப்புறம் பாப்பாவின் ஸ்வெட்டரைத் தேடி எடுத்தாள். "ஸ்டாண்டுல யாருனா இருந்தா கூப்புடு. இன்னிக்கி ரெண்டாவது நாள்தான?" என்றாள்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் பாப்பாவின் பெயரை எழுதும்போது, யாரும் கேட்பதற்கு முன்பே நான் "திருப்பதி ஜில்லா" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

பெரிய லேபிலிருந்தும் டெங்கு என்றுதான் வந்தது. இந்தக் கடிதத்தை அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜுரம் விட்டுவிட்டது. இட்லி வேண்டாம், பரோட்டா வேண்டும் என்று அழுகிறாள்.

இன்று காலை அட்டவணையைப் பார்த்தேன். திருப்பதி வரிசையில் எண் ஏறியிருந்தது. போன வருஷத்து அட்டவணையையும் திறந்து, இறந்தவர்கள் என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்காத அத்தை, என் தோள்பக்கம் வந்து நின்றாள்.

"இன்னா போட்டுக்கீது?"

"ஏறியிருக்குது அத்த. அதுல ஒண்ணு நம்ம பாப்பா."

"அவுரு?"

"தெரியல அத்த."

அத்தைக்கும் தெலுங்கு படிக்க வராது. போனை என் கையிலிருந்து வாங்கி, அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.