தண்ணீர் சொன்ன பாதி

1982 மார்ச் 2, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை. நேற்றுக் கண்டி ஆஸ்பத்திரியில் என் வயிற்றில் ஊசி போட்டு, பிள்ளையைச் சுற்றியுள்ள தண்ணீரில் கொஞ்சம் எடுத்தார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களாம். தண்ணீரில் ஹோர்மோன் எவ்வளவு என்று பார்த்தால் நோய் தெரியும். அதில் மிதக்கும் செல்களை வளர்த்தால் ஆணா பெண்ணா தெரியும். வளர்ந்த செல்கள் ஹோர்மோனை என்ன செய்கின்றன என்றும் அங்கே ஆராய்ச்சியாம். பாதி புரிந்தது.

மூத்தது பிறந்தபோது மருத்துவிச்சி ஆண் என்றார். ஆஸ்பத்திரியில் பெண் என்றார்கள். பெயர் வைக்கத் தெரியாமல் காத்திருந்தோம். குடித்ததெல்லாம் வாந்தி. இரண்டாவது வாரத்தில் போய்விட்டது. அந்தக் குழப்பமும் வாந்தியும் ஒரே நோயாம். ஒரு ஹோர்மோன் குறைவதால் உடம்பில் உப்பு நிற்பதில்லையாம்; இன்னொன்று கூடுவதால்தான் ஆணா பெண்ணா என்ற குழப்பமாம்.

மார்ச் 5, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குப் பெருக்கல் பாடம் எடுத்தேன். தலைசுற்றல். கணவர் அந்தோனி நுவரெலியாக் கடை வேலையிலிருந்து வந்ததும், மூன்று நாளாக அதே கேள்வி.

"போத்தல்ல நம்ம புள்ளையோட செல்லு வளருமா?"

"டொக்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க."

"அப்ப புள்ள ரெண்டு எடத்துலயா வளருது?"

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மார்ச் 21, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை நடுவில் வயிற்றில் முதல் அசைவு. சந்தோஷமா, பயமா? மண்டியிடக்கூட மறந்துபோனேன்.

ஏப்ரல் 6, செவ்வாய்

நானுஓயாவிலிருந்து இருவரும் ரயிலில் கண்டிக்கு. செல்கள் வளரவில்லையாம். ஆணா பெண்ணா தெரியாது. ஆனால் தண்ணீரில் ஹோர்மோன் மிக அதிகம். இந்தப் பிள்ளைக்கும் அந்த நோய்தான்.

எனக்கு அழுகை. டொக்டரம்மா சிங்களக்காரர், நிதானமான தமிழ்: "இதுக்கு மருந்து இருக்கு, அம்மா. முதல் பிள்ளைக்கு என்ன நோய் எண்டு அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப தெரியும்."

கண்டியில்தான் பிரசவம். பிறந்த அன்றே மாத்திரை, பாலோடு உப்பு. ஆயுள் முழுக்க மருந்து.

அப்படியானால், அன்றே தெரிந்திருந்தால் மூத்ததும் பிழைத்திருக்கும். கெட்ட செய்தியா, நல்ல செய்தியா? எந்தப் பிள்ளைக்காக அழுகிறேன் என்றே தெரியவில்லை. திரும்பி வரும் ரயிலில் அந்தோனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பொறந்ததும் ஆணா பொண்ணான்னு கேக்கமாட்டேன். மருந்து குடுத்தாச்சான்னுதான் கேப்பேன்" என்றார்.

ஏப்ரல் 7, புதன்

விடியும் முன்பே மாமி, அந்தோனியின் அம்மா, வந்துவிட்டார்.

"என்ன புள்ளைன்னு சொன்னாங்க?"

"தெரியலைங்க மாமி."

"அவ்வளவு தூரம் போயும் தெரியலையா?"

"இல்லைங்க. ஆனா பொழைக்கும்னு சொன்னாங்க."


மாமி உட்கார்ந்துவிட்டார். தேத்தண்ணீர் ஊற்றப் போனேன்.