தெருமுனையில் நின்றுபோன குரல்

வியாழன் இரவு, மேனாம்பேடு

ஒரே இணைப்பை வைஃபை, மொபைல் நெட்வொர்க் என இரண்டு பாதைகளிலும் கொண்டுபோகும் கெர்னல் கோடு, அதாவது போனின் இயங்குதளத்தின் உள்மையக் கோடு, என் பொறுப்பு. பாதைக்கு ஒரு சாக்கெட், தரவு போய்வரும் வாசல் மாதிரி. ஒரு பாதை அறுந்துபோனால் அதன் சாக்கெட்டை மட்டும் மூட வேண்டும். அந்த வேலையை யார் யாரோ பல இடங்களில் எழுதி வைத்திருந்தார்கள். இன்று எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன். சோதனைகள் தேறின.

சாயங்காலம் பால் வாங்கக் கிளம்பிய கணவரிடம் சோதனை போனைக் கொடுத்து, என்னோடு பேசிக்கொண்டே நடக்கச் சொன்னேன். வீட்டு வைஃபை எட்டாத தெருமுனையில் அவர் குரல் நின்றுவிட்டது. திரும்பி வந்து, "ரெண்டு வழி கீதுன்னு சொன்னே. ஒண்ணுகூட வேலை செய்யலயே," என்றார்.

இரண்டு சாக்கெட்டையும் சேர்த்து மூடிவிட்டேன் என்று நினைத்து, கோடைத் திருத்தி, அவரை மறுபடி அனுப்பினேன். மறுபடி நின்றது.

"இன்னும் எத்தினி தபா நடக்கணும்? கடைக்காரர் ஒரு மாதிரி பாக்கறாரு."

எரிச்சலில் திருத்தத்தை அழித்துவிட்டு, கோடை முதலில் எழுதியபடியே வைத்து அவரை அனுப்பினேன். இந்த முறை பேச்சு அறுபடவே இல்லை.

"அதான் சரியாயிட்ச்சே, வுடு," என்று தூங்கப் போய்விட்டார்.

நாளை காலை இதை ஒப்படைக்க வேண்டும். முதல் தடவை நின்றுபோன அதே கோடு, எதையும் மாற்றாமல் எப்படிச் சரியானது?