இருபத்திரண்டு சென்டிமீட்டர்

ஜூன் 3

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். மாப்பிள்ளை முழங்கால் அறுவைக்குப் பிறகு படியேறுகிறார் என்று எழுதியிருந்தாய். நிம்மதி. பேத்திக்கு முன்பல் விழுந்த செய்தியை உன் அண்ணி இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

வேறொரு செய்தியும் உண்டு. எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். நாம் அகழாய்வு செய்த மேட்டை மறுபடியும் தோண்டுகிறார்கள். நீ கரணையைக் கீழே வைத்துவிட்டுப் போய் இருபத்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிய குழுவின் இயக்குநர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். பழைய பதிவேடுகளை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். என் கையெழுத்தை நானே வாசித்துக் காட்டும் வேலை. பல இடங்களில் எனக்கே புரியவில்லை.

நாம் நூல் கட்டி, டேப் பிடித்து அரை நாள் அளந்ததை இவர்கள் முக்காலி மேல் ஒரு கருவியை வைத்து நிமிடத்தில் முடிக்கிறார்கள். ஆனால் மண்ணைப் பார்க்கும் விதம் மாறவில்லை. காலையில் குழியின் சுவரில் தண்ணீர் தெளித்து, ஈரத்தில் நிறம் பிரிகிற இடம் பார்த்துக் கரணை முனையால் கோடு போடுகிறார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. அந்த ஒரு விதியில்தான் இன்னும் எல்லாம் நிற்கிறது.

உன்னுடைய இரண்டு குழிகளையும் அவர்கள் தொடப்போவதில்லை. தெற்கே புதிதாக வெட்டுகிறார்கள். உன் பேச்சு வந்தது. மாணவன் ஒருவன் என்னை யாரென்று தெரியாமல், "அடுப்பைக் கீழ இறக்கி வெச்ச மேடம்தானே?" என்று கேட்டான். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வரிசையாக எழுதினால்தான் எனக்குத் தெளிவு வரும் என்பது உனக்குத் தெரியும், அதனால் பழையதையும் எழுதுகிறேன். முதல் குழியில் களிமண் தரை. ஆழம் நூற்றுத் தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர். பக்கத்துக் குழியில் அடுப்பு. ஆழம் நூற்று எழுபத்திரண்டு. இரண்டுக்கும் நடுவே வெட்டாமல் விட்ட ஒரு மீட்டர் மண்சுவர். அடுப்பு அந்தத் தரைமேல் கட்டியதுதான், மண்ணைப் பார்த்தாலே தெரிகிறது என்றாய் நீ. அடுப்புக் கரியின் காலக்கணிப்பும் மேல் அடுக்கைவிட அறுநூறு ஆண்டு பழையதாக வந்தது. ஆனால் பதிவேடு இருபத்திரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் காட்டியது. அப்படியானால் அடுப்பு மேல் அடுக்கைச் சேர்ந்தது, வேண்டிய காலத்துக்காக நீ அதைக் காகிதத்தில் கீழே இறக்கிவிட்டாய் என்றார்கள். "அடுப்புக்குக் கால் இருக்கா, நடந்து எறங்க?" என்று விசாரணைக் குழுவில் ஒருவர் கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். சுவரை வெட்டிப் பார்க்கலாம் என்று நீ கெஞ்சினாய். அதற்குள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்று. தரையில் அடித்து, அதன் தலையிலிருந்து நாம் ஆழம் அளந்த அடையாள முளை புதருக்குள் அப்படியே இருக்கிறது. கருவி வைத்துப் பார்த்தார்கள். முதல் நாள் பதிவில் இருக்கும் உயரத்தைவிட இருபத்திரண்டு சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. "இத்தனை வருஷத்துல மண்ணு எறங்கியிருக்கும்" என்றார் இயக்குநர். நானும் தலையாட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே உங்களுக்கு இப்போது குளிர்காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் நலம் விரும்பும்
அண்ணன்


ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, கீழே பெயரும் இல்லை. ஒரே ஒரு வரி: முளை எந்த நாளிலிருந்து கீழே இருக்கிறது?

உன் அண்ணிதான் முதலில் பிரித்தாள். கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, "உங்க தங்கச்சி கேட்டிருக்கா. பதில் எழுதுங்க. எழுதிட்டு, தபால் பெட்டி வரைக்கும் நடக்கக் கால் வலிக்குதுன்னு என்கிட்ட வராதீங்க" என்றாள். அவளுக்கு நான் எதுவும் சொன்னதில்லை. இவ்வளவு வருஷமாக அவள் கேட்காமல் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

பதில் எழுதுகிறேன். மழை வந்த அந்த வியாழக்கிழமை மதியத்திலிருந்து.

முதல் குழியின் தரையை அளந்து முடித்திருந்தோம். அடுப்பு இன்னும் வெளியே வரவில்லை. திடீரென்று மழை பிடித்தது. நீங்கள் எல்லாரும் கொட்டகைக்கு ஓடினீர்கள். நான் குழியை மூடத் தார்ப்பாயை இழுத்தேன். மூன்று மூலைக்குக் கல் கிடைத்தது, நான்காவதுக்குக் கிடைக்கவில்லை. கயிற்றை முளையில் கட்டினேன். அடையாள முளையில் ஒரு துண்டைக்கூடக் காயப் போடக் கூடாது என்று வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்பவன் நான். காற்று தார்ப்பாயைத் தூக்கியபோது முளையும் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

மழை விட்டதும், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அதே ஓட்டையில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். ஈர மண், ஆடாமல் நிற்கும்வரை அடித்தேன். எவ்வளவு இறங்கியது என்று பார்க்க மட்டம் பார்க்கும் கருவி வேண்டும். அது அன்றைய நம் குழுத் தலைவரிடம் இருந்தது. கேட்டால் எதற்கு என்பார். அவர் குரலை நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அரை விரல் இறங்கியிருக்கும், அரை விரலில் என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் அடுப்பு வந்தது. இறங்கிப்போன முளையிலிருந்து அளந்தேன். முளை இறங்கிய அளவுக்கு அடுப்பு மேலே ஏறிவிட்டது. நூற்று எழுபத்திரண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். எண் சரியா என்று கேட்டார்கள். அளந்ததை அளந்தபடியே எழுதியிருக்கிறேன் என்றேன். அதில் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை. பதிவேட்டில் ஓர் அடித்தல்கூட இல்லாதவன் என்று எனக்குப் பெயர். உன் கண்ணை விட்டுவிட்டு என் எண்ணை நம்பினார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை இயக்குநரிடம் போனேன். பானை ஓடுகள் காயும் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "ஐயா, நீங்க சும்மா இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. இப்ப எதுக்குச் சொல்றீங்க?" என்றார். தங்கை கேட்டாள் என்றேன்.  எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். அதைப் பதிவேட்டில் ஒட்டிவிட்டு, "நீங்க சொன்னா மட்டும் போதாது. மண்ணும் சொல்லணும்" என்றார். தெற்கே வேலையை நிறுத்தி, ஆறு பேரை நடுச் சுவருக்கு அனுப்பினார்.

நான்கு நாளும் குழியோரத்திலேயே நின்றேன். முளை பிற்பாடுதான் இறங்கியிருந்தால்? அடுப்பு உண்மையிலேயே மேல் அடுக்காக இருந்தால்? இரண்டாம் முறையும் உன்னைச் சந்தி சிரிக்க வைத்தவன் ஆவேன். "இன்னைக்கு எத்தனை சென்டி இறக்கினாங்க?" என்று உன் அண்ணி தினமும் கேட்பாள். சொன்னால், "அவ்வளவுதானா, ஸ்பூன்ல தோண்டுறாங்களா?" என்பாள்.

நான்காம் நாள் மதியம் தரை தெரிந்தது. முதல் குழியின் களிமண் தரை நடுச் சுவருக்கு அடியில் நீண்டு, அடுப்புக் குழிக்குள் போகிறது. அதே மஞ்சள் களிமண், அதே அரை விரல் கனம். கருவி வைத்துப் பார்த்தார்கள், நூலும் கட்டிப் பார்த்தார்கள். ஏற்ற இறக்கம் இல்லை. அதோடு, நீ எடுத்தது அடுப்பில் பாதிதான். மறுபாதி சுவருக்குள் இருந்திருக்கிறது. அந்தத் தரைமேலேயே உட்கார்ந்திருக்கிறது, உள்ளே கரி நொறுங்காமல் இருக்கிறது. கை படாமல் எடுத்துப் பொதிந்து காலக்கணிப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர இரண்டு மாதம் ஆகும். என்ன வரும் என்று நான் சொல்லமாட்டேன், எண்களைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. ஆனால் அடுப்பு நடக்கவில்லை அம்மா. அது நீ சொன்ன இடத்தில்தான் இருந்தது.

அந்த மாணவன் குழிக்குள் இறங்கி வெகுநேரம் குந்தியிருந்தான். மேலே வந்து, "சார், மேடம் வருவாங்களா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன்.

இயக்குநர் உனக்குத் தனியாக எழுதுகிறார். நான் எழுதிக் கொடுத்ததும், திருத்திய ஆழங்களும், அறிக்கையில் அப்படியே வருமாம். என் பெயரை மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 

மழைக்காலத்துக்கு முன்பாக, இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி குழியை மணலிட்டு மூடிவிடுவார்கள். வடக்குச் சுவரில் எல்லா அடுக்குகளுக்கும் கோடு போட்டுச் சீட்டு குத்திவிட்டார்கள். உன் தரைக்கு மட்டும் இன்னும் கோடு போடவில்லை. "கண்டுபிடிச்சவங்க போடட்டும்" என்று இயக்குநர் நிறுத்தி வைத்திருக்கிறார். தினமும் காலையில் ஈரச் சாக்குப் போட்டு அந்த இடம் காயாமல் பார்த்துக்கொள்கிறேன்.

மன்னிப்புக் கேட்க நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எந்த வார்த்தையும் இருபத்தாறு வருஷத்துக்கு எட்டவில்லை. நீ வந்தால் என்னோடு பேச வேண்டும் என்பதில்லை. நம் வீட்டில் தங்க வேண்டும் என்பதும் இல்லை, நீ வேறெங்காவது தங்க உன் அண்ணி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். நீ குழிக்குள் இருக்கும் நேரம் நான் தள்ளி, கொட்டகைப் பக்கம் நின்றுகொள்கிறேன்.

நீயும் உன் வீட்டாரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வந்து அந்தக் கோட்டைப் போட்டுவிட்டுப் போ, அம்மா.

அண்ணன்