கவியாவின் பட்டியலும் என் எட்டு வேட்டியும்

திருவண்ணாமலை
4.2.1998

என் செல்ல மருமகள் கவியாவுக்கு, அண்ணாமலையார் கோயிலிலிருந்து வேங்கிக்கால் வரை கொடி பறக்கும் மகாகனம் பொருந்திய உன் தாய்மாமன் சகாதேவன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் அத்தையின் மூட்டுவலியும் சௌக்கியம், தினமும் எங்களுக்கு முன்னால் எழுந்துவிடுகிறது. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளை பிரசாத்தும், வயிற்றில் இருந்துகொண்டே உங்கள் இருவரையும் ஆட்டிவைக்கும் அந்த மகாராஜாவோ மகாராணியோ அவர்களும் சுகம்தானே.

உன் கடிதமும் குழந்தைச் சாமான் பட்டியலும் வந்து சேர்ந்தன. எதற்குச் செலவழிக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று மாமாவைக் கேட்டாயே, அங்கேதான் நீ புத்திசாலி. பட்டியலை விரித்தேன், அது கூடத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போய்ப் போளூர் பஸ்ஸை நிறுத்திவிட்டது. முதலில் அந்த மூன்று ஜோடி ஷூவை அடித்துவிடு. ஒரு வருஷத்துக்குத் தரையில் கால் வைக்கப்போகாத ஆளுக்கு எதற்கம்மா ஷூ. அடுத்தது தள்ளுவண்டி. வேங்கிக்கால் ராஜமாணிக்கம் வீட்டுக்கு அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். குழந்தை அதில் இரண்டு நாள் உட்கார்ந்தது, இரண்டு நாளும் அழுதது. இப்போது தெருவில் தண்ணீர் லாரி வந்தால் வரிசையில் அந்த வண்டிதான் முதலில் நிற்கிறது, குடம் குடமாக ஏற்றிக்கொண்டு ராஜமாணிக்கம் ராஜநடை போடுகிறார். அவரிடம் கேட்டால், எங்க வீட்ல இருக்கிறதுலயே உருப்படியான சாமான் இதான் சார்ங்கிறார். உங்களுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது, ஆகவே வண்டி வேண்டாம். கட்டிலும் இப்போது வேண்டாம், புடவையில் தூளி கட்டினால் போதும், ஆனால் அது தொங்குகிற கொக்கி கெட்டியா என்று மாப்பிள்ளையைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள். மிச்சம் பிடித்ததை எங்கே கொட்டுவது என்றால், நல்ல கொசுவலை, இரண்டு ரப்பர் ஷீட், டாக்டரம்மா சொல்லும் ஊசி எல்லாம், இவற்றில் கஞ்சத்தனம் கூடாது. பால்புட்டி வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவரிடமே கேள். எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிற ஒரு ஆட்டோக்காரரை இப்போதே பேசி வை, அவருக்கு ஜாஸ்தியே கொடு.

இனிமேல்தான் விஷயம், உட்கார்ந்து படி. பதினைந்து நாளைக்கு முன் உன் அம்மாவின் மூக்குக்கண்ணாடி மேல் நான் உட்கார்ந்துவிட்டேன். என் கனத்தைத்தான் நீ அறிவாயே, கண்ணாடி பொடிப்பொடி. ஆகவே உன் கடிதத்தை அக்காவுக்கு நான்தான் வாசித்துக் காட்டும்படி ஆயிற்று. முன்கூட்டி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்ற அறிவு எந்த முட்டாளுக்கும் இருக்கும், உன் மாமா சாதாரண முட்டாளா. ஊர்வலத்துக்கு மைக் பிடித்தவன் மாதிரி வாசித்துக்கொண்டே போனேன். பழைய துணி எதையும் கொண்டுவர வேண்டாம், எல்லாம் புதுசாகக் கடையில் வாங்கிக்கொள்கிறோம், இவர் வீட்டு மனுஷங்க பார்த்தால் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று நீ எழுதியிருந்ததையும் அதே ராகத்தில் முழங்கிவிட்டேன். முழங்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறேன், உன் அம்மா மடியில் நாலைந்து மாதமாகச் சேர்த்த மூட்டை. வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, குழந்தை அளவுக்குக் கிழித்து மடித்தது. பிறந்த பிள்ளையைப் பழகிய துணியில்தான் முதலில் போட வேண்டும், புதுத்துணியின் கஞ்சி குத்தும் என்பது நம் வீட்டு வழக்கம், நீயும் என் வேட்டியில்தான் முதல் முதலாகப் படுத்தாய். அக்கா ஒன்றும் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எனக்குத் தேவலை. எல்லாந்தான் கடையில கெடைக்குதாமே, நான் இன்னாத்துக்குடா அவ்ளோ தூரம், டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு சகாதேவான்னு சொல்லிட்டு மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள். உன்னைப் பிரயாணம் செய்யக் கூடாது என்று டாக்டரம்மா நிறுத்திவைத்திருக்கும்போது, அவளும் வராமல் போனால் தலைப்பிரசவத்துக்கு உன் பக்கத்தில் யார் இருப்பது. 

உடனே கடைசித் தாளைத் திருப்பினேன். இரு அக்கா, பின்னாடி எழுதியிருக்கான்னு சொல்லி, வெறும் வெள்ளைத் தாளைப் பார்த்துப் படித்தேன். ஆனா அம்மா, மாமா கட்டிப் பழசான வேட்டி எட்டு மட்டும் எடுத்துட்டு வா, அதுலதான் குழந்தையப் போடணும், எனக்குப் பயமா இருக்கு, நீ பக்கத்துல இருந்தா போதும், என்று. உன் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேராக என் அலமாரியைத் திறந்தாள். பழசு ஐந்துதான் இருந்தது, எண்ணிக்கை குறையக் கூடாதென்று கார்த்திகை தீபத்துக்கு எடுத்த புதுசு மூன்றையும் துவைத்துத் துவைத்துப் பழசாக்கிக்கொண்டிருக்கிறாள். நான் இப்போது லுங்கியில் வலம் வருகிறேன். கஷ்டம் என்னவென்றால், தினமும் சாயங்காலம் அந்தப் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். நேற்று நான் ஆறு வேட்டி என்று படித்துவிட, எட்டுடா, ஒழுங்காப் பாத்துப் படின்னு திட்டு விழுந்தது. புதுக் கண்ணாடி வந்ததும் முதல் வேலையாகத் தானே படிக்கப்போகிறாளாம். கண்ணாடி தயாராகி ஒரு வாரம் ஆகிறது. கடைக்காரர் கோதண்டராமனைக் கெஞ்சிப் பவர் சரியாக வரவில்லை என்று சொல்லவைத்திருக்கிறேன். அவரோ, ஒரு கண்ணாடிக்கு எத்தினி தடவைங்க பவர் தப்பும், பதினெட்டாந் தேதிக்கு மேல நம்மால ஆவாதுங்கன்னு கையை விரித்துவிட்டார்.

ஆகவே அந்தக் கடைசித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அது திரும்பி வரும்வரை சாயங்கால வாசிப்புக்கு வேறொரு வெள்ளைத் தாள் போதும். முன்பக்கம் எழுதிய அதே பேனாவால் பின்பக்கம் எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் என் பெயருக்கு அனுப்பு. வேட்டி எட்டு என்பதை மறக்காதே. பயமாக இருக்கிறது என்ற வரி மட்டும் நானாகச் சேர்த்தது, உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் வாயில் வந்தபோது பொய் சொல்கிற மாதிரி எனக்கே தோன்றவில்லை. உண்மையில் உனக்குப் பயம் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடு, அக்காவை நான் சமாளித்துக்கொள்கிறேன். இருக்கிறதென்றால் எழுதம்மா, அதை மட்டுமாவது அவள் உன் கையெழுத்தில் படிக்கட்டும்.

நீயும் பிள்ளையும் தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், மாப்பிள்ளையை விரட்டிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு. தாள் பதினேழாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும், அக்காவின் ரயில் இருபத்துநாலாம் தேதி.

இப்படிக்கு,
உன் வருகைக்கும் பிள்ளை வருகைக்கும் லுங்கியோடு காத்திருக்கும்
மாமா சகாதேவன்