பிரேக் டிஸ்க்கில் போட்ட சிலுவை

செப்டம்பர் 3, செவ்வாய் இரவு

தலைமையாசிரியருக்குக் கால் முறிந்துவிட்டது. பாபநாசம் போகும் வழியில் அவருடைய பழைய கார் பிரேக் பிடிக்காமல் வாய்க்கால் மதகில் மோதியிருக்கிறது. நேற்றுத்தான் என் வீட்டுக்காரர் அந்தக் காரின் முன்சக்கரங்களுக்குப் புது டிஸ்க்கும் பிரேக் பேடும் மாட்டிக் கொடுத்தார். துபாயிலிருந்து வந்து ஒர்க்‌ஷாப் திறந்தபின் அதுதான் முதல் வேலை.

சாயங்காலம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "டிஸ்க் பூரா எண்ணெய், ஸ்டெல்லா. ஒரு சொட்டு பட்டாலே பிரேக் பிடிக்காது. நான் மாட்டுனதுலதான் எங்கயோ கசிஞ்சிருக்கு. என் கைக்கு வேலை மறந்துபோச்சு."

கசியவில்லை. நேற்று அவர் டீ குடிக்கப் போனபோது, எவர்சில்வர் தட்டுபோல மின்னிய அந்த இரண்டு டிஸ்க்கிலும் மாதா கோயில் எண்ணெயைத் தொட்டுச் சிலுவை போட்டது நான். முதல் வேலை நல்லபடியாக அமையட்டும் என்றுதான் போட்டேன். அதில் எண்ணெய் ஆகாது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயெடுத்தேன். வரவில்லை. கடையை மூடிவிட்டு மறுபடியும் துபாய்க்கே போகிறேன் என்கிறார். படுக்கும்போது இரண்டு கையையும் என்னிடம் நீட்டினார்.

"அந்த மாதா எண்ணெய் இருந்தா கொஞ்சம் தடவிவிடு."

தடவினேன்.